தலைக்கு மேல் வேலை: ஓய்வு, தூக்கம், குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை, மென்பொருள், வங்கி, செய்தித்துறை, சொந்தத் தொழில் என்று எதில் இருந்தாலும், நெருக்கடியான வேலையில் இருப்பவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பல வருடங்களாக அணிகளை நடத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்கிறேன். மருத்துவ விஷயங்களில், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்றைய களைப்பு நாளைக் காலைக்குள் இறங்கிவிடுகிறதா?

வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை என்றால் நேரத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதா?

அந்தக் கணக்கு ஆலைச் சங்கு ஊதிய காலத்துக்கு உரியது. 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் பொழுதுபோக்கு, 8 மணி நேரம் ஓய்வு என்ற கோரிக்கையை ராபர்ட் ஓவன் 1817-லேயே வைத்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே, தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு போட்டதுதான். சங்கு ஊதினால் இயந்திரம் நிற்கும், ஆள் வெளியே வந்துவிடுவார், வேலை உள்ளேயே கிடக்கும். இப்போது லேப்டாப்பை மூடினாலும் வேலை சட்டைப் பையில் கூடவே வருகிறது.

அதனால் மணிக்கணக்கோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் 10 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுகிறார். இன்னொருவர் 8 மணி நேரம்தான் பார்க்கிறார், ஆனால் படுத்த பிறகும் மனதுக்குள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம்.

சாதாரணச் சோர்வுக்கும் பர்ன்அவுட்டுக்கும் என்ன வித்தியாசம்?

சோர்வு என்றால் ஓய்வெடுத்தால் போய்விடும். இரண்டு நாள் நன்றாகத் தூங்கிய பிறகும் திங்கட்கிழமை காலையில் அதே கனம் இருந்தால் யோசிக்க வேண்டும்.

பர்ன்அவுட் என்ற பெயரை உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். அதை அளக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, வேலைத்திறன் குறைவது.

இதில் முதல் அடையாளத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள், இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு நர்ஸ், நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் படுக்கை எண்ணைச் சொல்ல ஆரம்பிப்பார். வாடிக்கையாளர் போன் வந்தாலே 'இவனுக்கு வேற வேலை இல்ல' என்று பல்லைக் கடிப்பது, மீட்டிங்கில் எந்த யோசனை வந்தாலும் 'செஞ்சு என்ன ஆகப்போகுது' என்று சிரிப்பது, எல்லாம் இந்த வகைதான். பார்ப்பவர்கள் திமிர் என்று நினைப்பார்கள். பல நேரம் அது தாங்க முடியாத மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் வேலி.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரை வேலை செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று அது மதிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய மரணங்கள் சுமார் 7,45,000 என்றும் கணக்கிட்டது.

ஆக, 55-ஐ ஓர் அபாயக் கோடாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் உங்கள் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த நேரம் மட்டும் கணக்கல்ல. சாப்பாட்டு மேசையில் அனுப்பிய பதில்கள், ஞாயிறு மாலை 'சும்மா ஒரு பார்வை' பார்த்த மெயில், குழந்தை தூங்கிய பிறகு திறந்த லேப்டாப் எல்லாவற்றையும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். 45 என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு 58 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தலைகீழாகவும் நடக்கும்: எழுபது மணி நேரம் உழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு எண்ணிப் பார்த்தால் ஐம்பது வரும். அப்போது பிரச்சினை நேரத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று தெரியும்.

அதிக நேரம் இருந்தால் அதிக வேலை முடியுமே?

ஓரளவு வரைதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-ல் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி அலசினார். 70 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கூடுதலாகச் செலவழித்த 14 மணி நேரம் ஏறக்குறைய வீண்.

அது எண்ணிப் பார்க்கக்கூடிய பொருட்களைச் செய்த வேலை. யோசித்துச் செய்யும் வேலையில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும் என்பது என் அனுபவம். நள்ளிரவில் எழுதிய நிரலில் இருக்கும் பிழையை அடுத்த நாள் மூன்று பேர் உட்கார்ந்து தேடுவார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று ஆய்வுகளே இருக்கின்றன. அந்த அளவில் வண்டி ஓட்டினால் பல நாடுகளில் பிடித்துவிடுவார்கள். ஆனால் கணக்கை முடிக்கவும் மருந்து எழுதவும் அதே நிலையில் உட்கார்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலை நேரத்துக்கு வெளியே மனமும் வேலையை விட்டு விலகுவதை சபீன் சொனென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். உடல் வீட்டிலும் மனம் அலுவலகத்திலும் இருந்தால் ஓய்வு ஓய்வாக வேலை செய்யாது என்பதுதான் அவருடைய ஆய்வுகளின் சாரம். 'யோசிக்காதே' என்று மனதுக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. முடிக்காத வேலை நினைவைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தச் சுரண்டல் குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர, வேலை நாளின் கடைசி 15 நிமிடத்தை எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடக்கூடாது. ஒரு தாளில் பாதியில் நிற்பவற்றை எழுதுங்கள். எழுதும் விதம் முக்கியம். 'அறிக்கை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'அறிக்கை: மூன்றாவது அட்டவணையில் மார்ச் மாத எண் இடிக்கிறது, காலை 10 மணிக்குக் கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும்' என்று எழுதினால் மனம் நம்பி விட்டுவிடும். அடுத்த நாளைக்கான முதல் வேலை எது என்று ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள். பிறகு திரையில் திறந்து கிடக்கும் அத்தனையையும் மூடுங்கள்.

ராத்திரி மறுபடி ஏதாவது நினைவுக்கு வரத்தான் செய்யும். அதற்குப் படுக்கை பக்கத்தில் பேனாவும் தாளும் போதும், போன் வேண்டாம். போனை எடுத்தால் ஒரு வரி குறிக்கப் போனவர் நாற்பது நிமிடம் கழித்துத்தான் கீழே வைப்பார்.

இன்னொன்று: மனதுக்கு வேறு பிடி கொடுக்க வேண்டும். சும்மா சோபாவில் சாய்ந்தால் வேலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கவனத்தை முழுசாகக் கேட்கும் ஏதாவது ஒன்று, அதாவது பாட்டுப் பயிற்சி, தையல், செடி வளர்ப்பு, சதுரங்கம், குழந்தையோடு விளையாட்டு என்று எதுவானாலும், வெறுமனே படுத்திருப்பதைவிடச் சிலருக்கு நன்றாகக் களைப்பை இறக்கும்.

இரவில் வரும் மெசேஜ்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

இரவு 11:20-க்கு மேனேஜரிடமிருந்து வருகிறது: 'நாளைக்குப் பார்த்தால் போதும், அவசரமில்லை. கிளையன்ட் கொஞ்சம் கோபமாக இருக்கிறார்.' அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பினார். மறந்துவிடக் கூடாதே என்று தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் தூங்கிவிட்டார். 'கோபமாக' என்ற ஒரு சொல்லோடு நீங்கள் விடியும்வரை புரண்டுகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் பதில் அனுப்பினீர்களா இல்லையா என்பதே இங்கே முக்கியமில்லை. படித்ததுமே வேலை தொடங்கிவிட்டது.

சில நாடுகள் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன. பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தொடர்புகள் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். 2021-ல் போர்ச்சுகல், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்வதை முதலாளிகள் தவிர்க்க வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, நியாயமான காரணம் இல்லாத அழைப்புகளுக்குப் பதில் தராமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். உங்கள் நாட்டில் சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த 11 மணி நேரம் நல்ல அளவு. இரவு 9-க்குக் கடைசி மெயில் என்றால் காலை 8-க்கு முன் அடுத்ததைத் திறக்கக்கூடாது.

அணிக்குள் செய்துகொள்ளக்கூடிய எளிய ஏற்பாடு ஒன்று உண்டு: உண்மையிலேயே அவசரம் என்றால் போன் அழைப்பு, மற்றதெல்லாம் மெசேஜ். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டால், இரவில் மெசேஜைத் திறக்காமல் இருப்பது அலட்சியம் ஆகாது. அழைப்பு வரவில்லையென்றால் எதுவும் எரியவில்லை என்று பொருள். போன் செய்ய ஒருவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சமே நல்ல வடிகட்டி.

மேனேஜரிடம் 'முடியாது' என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சொல்லையே பயன்படுத்தத் தேவையில்லை. 'எனக்கு ரொம்ப வேலை இருக்கு சார்' என்றும் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அவரும் தன் மேலதிகாரியிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பதை மேசைமேல் விரித்து வைத்து, தேர்வை அவரிடம் விடுங்கள்:

'சார், இந்த வாரம் என் கையில் மூன்று வேலை இருக்கு. தணிக்கைக்கான பதில் புதன்கிழமை போகணும், புது ஆள் பயிற்சி வியாழன் முடியணும், மாத அறிக்கை வெள்ளிக்கிழமை. நீங்க இப்போ சொல்றதை எடுத்துக்கிட்டா இதில் ஒன்று அடுத்த வாரம் போகும். எதைத் தள்ளலாம்னு சொல்லுங்க.'

இதில் புகாரும் இல்லை, மறுப்பும் இல்லை. பாதி நேரம் அவர், 'அப்படியா, அறிக்கை திங்கட்கிழமை போதும்' என்பார். நீங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி கண்விழித்து முடிக்கவிருந்த வேலைக்கு உண்மையில் அந்தத் தேதி தேவையே இல்லை என்று அப்போதுதான் தெரியவரும். மீதிப் பாதி நேரம் 'எல்லாமே வேணும்' என்பார். அப்போது மெயிலில் இரண்டே வரி: 'பேசியபடி நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். தணிக்கைப் பதிலுக்கு முன்னுரிமை. மாத அறிக்கை தாமதமாக வாய்ப்பு உண்டு.' சண்டைக்கு ஆதாரம் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். யாருக்கு என்ன தெரியும் என்பது பதிவில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

இப்படி மூன்று நான்கு முறை பேசியும் ஒவ்வொரு தடவையும் 'எல்லாமே வேணும்' என்ற பதிலே வந்தால், உங்கள் நேர நிர்வாகத்தில் குறை தேடுவதை நிறுத்துங்கள். இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்கிறீர்கள். அதற்கு எந்த டைரியும் செயலியும் மருந்தாகாது.

ஆறு மணி நேரத் தூக்கம் எனக்குப் போதும். பழகிவிட்டது. சரிதானே?

பெரும்பாலும் சரியில்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்ற சிலரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனமும் நினைவும், இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. ஆனால் 'எனக்கு அவ்வளவு ஒன்றும் கலக்கமாக இல்லை' என்றே அவர்கள் மதிப்பிட்டார்கள். பழகிவிட்டது என்று சொல்வது பல நேரம் இதைத்தான்: குறைந்த திறன் பழகிவிடுகிறது.

இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். விடுமுறை நாளிலும் எழும் நேரத்தைப் பெரிதாக மாற்றாதீர்கள். அப்புறம், காபியில் உள்ள காஃபினில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்புக்குள் இருக்கும்.

உடற்பயிற்சிக்கு நேரமே இல்லையே?

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். ஒரே தடவையில் 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி, நடந்துகொண்டே பேசும் போன் அழைப்பு எல்லாம் சேர்த்தி. ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கும் குற்ற உணர்ச்சியை முதலில் கைவிடுங்கள்.

ஷிஃப்ட் வேலையிலும் ஆன்-கால் (அழைத்தால் உடனே கிளம்ப வேண்டிய) வேலையிலும் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

பாதிதான் பொருந்தும். உடல் கடிகாரத்துக்கு எதிராக வேலை செய்பவர்களிடம் 'சீக்கிரம் படுங்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஷிஃப்ட் சுழற்சியை முடிவு செய்வதில் உங்களுக்குக் குரல் இருந்தால், காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலக் கேளுங்கள். பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு இது எளிது. இரவு ஷிஃப்ட்டின் இடைவேளையில் ஒரு 20 நிமிடத் தூக்கம் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு மேல் நீண்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், எழுந்த கையோடு முக்கியமான முடிவு எடுக்காதீர்கள். பகலில் தூங்கும் அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும். 'பகல்ல தூங்குறவங்களை எழுப்பலாம்' என்று வீட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. அதை உட்கார்ந்து பேசித்தான் மாற்ற வேண்டும்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: இரவு ஷிஃப்ட் முடிந்து கண் சொக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை நிறுத்தாது.

ஆன்-கால் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அழைப்பே வராத இரவும் ஓய்வாக இருக்காது, காது போனிலேயே இருக்கும். ஆகவே ஆன்-கால் நாட்களை ஓய்வு நாட்களாக நிறுவனம் கணக்கு வைத்தாலும் நீங்கள் வைக்காதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் சமநிலை தானாக வந்துவிடுமா?

பயண நேரம் மிச்சமாகும், உண்மைதான். பலருக்கு அந்த நேரத்தையும் வேலையே விழுங்கிவிடுகிறது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் பயணம், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், ஓர் இடைவெளியாக இருந்தது. அதற்குப் பதிலாக வேறொன்று வேண்டும்: வேலை முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது, லேப்டாப்பைக் கண்ணில் படாத அலமாரியில் வைப்பது, இப்படி.

இன்னொரு தொல்லை, வேலைக்கு நடுவே வீடு, வீட்டுக்கு நடுவே வேலை என்று தாவுவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதாக நினைப்பவர், இரண்டிலும் பாதி ஆளாகத்தான் இருக்கிறார்.

அலுவலகம் முடிந்து வந்தால் வீட்டு வேலையும் என் தலையில்தான். நான் எங்கே ஓய்வெடுப்பது?

இந்தக் கேள்வியை பெரும்பாலும் பெண்கள்தான் கேட்கிறார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்பினால் அது அவமதிப்பு.

வீட்டு வேலையைப் பங்கு போடுவதில் எல்லோரும் கைவேலையை மட்டும் கணக்கிடுகிறார்கள். பாத்திரம் யார், துணி யார் என்று. ஆனால் களைப்பில் பெரும் பங்கு நினைவு வைத்திருப்பதில் இருக்கிறது. மருந்து தீரப்போகிறது, பள்ளியில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், அப்பாவுக்குப் பரிசோதனை நாள் வருகிறது. 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்' என்று கணவர் அன்போடு சொன்னாலும் மேற்பார்வை உங்களிடமேதான் இருக்கிறது. எனவே பணியைப் பிரிக்காமல் பொறுப்பைப் பிரியுங்கள். 'குழந்தையின் மருத்துவ விஷயம் முழுக்க உங்களுடையது' என்றால் தடுப்பூசித் தேதி, முன்பதிவு, லீவு சொல்வது வரை எல்லாம் அவர்தான். முதல் மாதம் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அப்போது குறுக்கே போய் நீங்களே எடுத்துச் செய்யாமல் இருப்பதுதான் கடினமான பகுதி.

லீவு எடுத்தால் திரும்பும்போது வேலை குவிந்து கிடக்கிறது. எடுக்காமலே இருந்துவிடலாமா?

எடுங்கள். லீவில் கிடைக்கும் புத்துணர்ச்சி வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரே நீண்ட லீவை நம்பியிருப்பதைவிட, நடுநடுவே குட்டி லீவுகளும் இருப்பது நல்லது என்று இதை எடுத்துக்கொள்கிறேன்.

போகும் முன் உங்கள் வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதி ஒருவரிடம் ஒப்படையுங்கள். எந்தக் காரணத்துக்கு உங்களை அழைக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். திரும்பி வரும் முதல் நாளில் மீட்டிங் எதுவும் வைக்காதீர்கள். 'நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது' என்ற நிலை பெருமையாகத் தோன்றலாம். மேனேஜர் பார்வையில் அது அணியின் பலவீனம்.

தியானம், மனநலச் செயலிகள் உதவுமா?

சிலருக்கு உதவுகின்றன. பிடித்திருந்தால் செய்யுங்கள். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு விடையாக நிறுவனம் தியான வகுப்பு நடத்தினால், அதை நான் நலத்திட்டம் என்று சொல்லமாட்டேன்.

இளமையில் உழைத்துவிட்டுப் பிறகு ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பது தவறா?

முழுக்கத் தவறில்லை. பயிற்சி மருத்துவருக்கும், புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கும், வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் தணிக்கையாளருக்கும் சமநிலை பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. சில காலம் சாய்ந்துதான் இருக்கும். நான் கேட்கும் கேள்வி: அது முடியும் தேதி எது? 'இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்' என்பது தேதி ஆகாது, அதற்குப் பின்னால் இன்னொரு ப்ராஜெக்ட் வரிசையில் நிற்கும். நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்து, வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அந்த நாளில் நிலைமை மாறவில்லையென்றால், அது தற்காலிக நெருக்கடி இல்லை, அந்த வேலையின் இயல்பே அதுதான்.

நான் ஒரு அணியை நடத்துகிறேன். என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் மெயில் போகும் நேரத்தைப் பாருங்கள். ராத்திரி எழுதுவது உங்கள் வசதி. அது காலை 9-க்குப் போகும்படி அமைப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் அணிகளில் ஒரு சோதனை செய்தார். வாரத்தில் ஒரு மாலை, முன்கூட்டியே குறித்த நாளில், வேலை, மெயில் எதுவும் இல்லாத மாலையாக ஒவ்வொருவருக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. அவ்வளவுதான். வேண்டாம் என்றவர்களும் எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் சமாளிக்க வேண்டும் என்றதும் அணிக்குள் பேச்சு கூடியது, வேலைத் திருப்தியும் கூடியது. எனக்கு இதில் பிடித்தது 'முன்கூட்டியே' என்ற பகுதி. திடீரென்று 'இன்னைக்கு சீக்கிரம் போங்க' என்றால் அந்த மாலையை வைத்து யாரும் எதுவும் திட்டமிட முடியாது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்குச் சம்பளம் குறையாமல் வார வேலையை 40 மணியிலிருந்து 35–36 மணியாகக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலை தேங்கவில்லை. மீட்டிங்குகளைச் சுருக்கியது அதற்கு ஒரு காரணம்.

வேலையை விட்டுவிடலாமா?

களைப்பின் உச்சத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரமாவது தூங்கி எழுந்த பிறகு யோசியுங்கள். பர்ன்அவுட் ஆய்வாளர்கள் மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும் சொல்லும் ஆறு இடங்களை எடுத்துக்கொண்டு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்: வேலைப்பளு, நம் கையில் உள்ள அதிகாரம், கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், சக ஊழியர் உறவு, நியாயம், நம் மதிப்பீடுகள்.

வேலைப்பளுதான் பிரச்சினை என்றால் பேசித் தீர்க்கவோ, அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்கு மாறவோ வழி இருக்கலாம். நியாயத்திலோ மதிப்பீட்டிலோ இடித்தால், அதாவது பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்கள், உழைப்பவருக்குப் பதில் வேண்டியவருக்குப் பதவி உயர்வு போகிறது என்றால், எத்தனை நாள் லீவு எடுத்தாலும் தீராது. அங்கே நான் வெளியே போகச் சொல்வேன், ஆனால் கையில் அடுத்த வேலையோ சில மாதச் செலவுக்குப் பணமோ இருக்கட்டும். பணக் கவலையோடு வரும் ஓய்விலும் தூக்கம் வராது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மனம் வெறுமையாகவோ எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் போங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டாலும், தூங்குவதற்கோ வேலையை மறப்பதற்கோ மது தேவைப்பட ஆரம்பித்தாலும் போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் இவற்றை 'ஸ்ட்ரெஸ்தான்' என்று ஒதுக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதையும் அவசரமாகவே நினையுங்கள். அன்றைக்குத் தனியாக இருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் அப்படியே சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் 'கொஞ்சம் டயர்டா இருக்கு' என்று சுருக்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை விழிக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எப்போதிலிருந்து இப்படி என்று எழுதி எடுத்துப் போங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆகியவையும் இதே களைப்பைத்தான் தரும். எல்லாவற்றுக்கும் வேலையே காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

மருத்துவ விடுப்பு எடுத்தால் அலுவலகத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

விடுப்புக்குச் சான்றிதழ் கேட்டால் கொடுங்கள். சக ஊழியர்களிடம் 'உடம்பு சரியில்லை, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்' என்பதே போதும். மேனேஜரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. இதற்கு முன் வேறொருவர் இப்படி லீவு எடுத்தபோது அவரைப் பற்றி மேனேஜர் என்ன பேசினார் என்று நினைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது முதல் இரண்டு வாரத்துக்கு எந்த வேலைகள் வேண்டாம் என்பதை மட்டும், கிளம்பும் முன்பே எழுத்தில் பேசி வையுங்கள்.